தார்ப்பாய்க் கடையும் பாட்டின் சொந்தக்காரரும்

ஓசூர் பஸ் நிலையத்தருகே மாலை வேளையில் முன்பெல்லாம் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். ஆலைகளில் வேலை முடிந்து திரும்பும் தொழிலாளர் கூட்டம், நடைபாதையில் ஒரு தார்ப்பாய், அதன்மேல் சி.டி. தட்டுகள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மும்மொழிப் பாட்டுகளும் அங்கே சண்டை சச்சரவின்றி ஒன்றாகக் கிடக்கும். "நூறு பாட்டு முப்பது ரூபாய், சார்!" என்பான் கடைக்காரன். தூரத்தில் யாராவது சீட்டியடித்தால் தார்ப்பாயின் நான்கு மூலைகளும் ஒன்று சேரும். கடை மூட்டையாகி மறைந்துவிடும். போலீஸார் வருகிறார்கள் என்று அர்த்தம்.

நாமும் அங்கே ஒரு தட்டு வாங்கியதுண்டு. அன்று காலைதான் பரீட்சையில் அடுத்தவனைப் பார்த்து எழுதிய பையன் ஒருவனைக் கடிந்துகொண்டிருந்தோம். மாலையில், பிறர் உழைப்பைப் பார்த்துப் பதித்த தட்டைச் சிறிதும் கூசாமல் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

இவ்விஷயத்தில் சட்டம் மிகக் கண்டிப்பானது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, லாபத்துக்காகத் திருட்டுத் தட்டு விற்பவனுக்கு முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைவாசமும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சப்-இன்ஸ்பெக்டரே வாரண்டு இன்றிச் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். 2004-இல், கிருஷ்ணகிரி தனி ஜில்லாவான அதே வருஷத்தில், தமிழ்நாட்டு அரசாங்கம் குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடர்'களையும் சேர்த்தது. விசாரணையின்றி ஒரு வருஷம் வரை காவலில் வைக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு ஓடினாலும் பயனில்லை. கர்நாடக ராஜ்யத்து அதே வகைச் சட்டத்தின் பெயரிலேயே வீடியோ திருடருடன் ஆடியோ திருடரும் இடம் பெற்றிருக்கிறார்கள்.

இவ்வளவு கெடுபிடியும் பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்குமாகத்தான் என்று நாம் எண்ணியிருந்தோம். 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைப் பார்த்தபோது திகைத்துப்போனோம். படத்துக்காகப் பணம் பெற்று இயற்றிய பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத் தயாரிப்பாளரையே சேரும் என்பது அத்தீர்ப்பு. ஆகவே, நடைபாதை வியாபாரி சிறைக்குப் போன நாட்களிலும், பாட்டுப் படைத்தவர் பெரும்பாலும் முதலில் வாங்கிய கூலியோடு நிற்க வேண்டியவராகவே இருந்தார். தியேட்டருக்கு வெளியே பாட்டுப் பயன்படும்போது கிடைக்கும் தொகையில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றும், அவ்வுரிமையை அவரிடமிருந்து எழுதி வாங்கவும் கூடாது என்றும் பார்லிமெண்டு திருத்தம் செய்தது 2012-இல்தான்.

இதனால் தட்டு விற்றவன் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அவனைப் பிடிப்பதில் காட்டிய அவசரத்தில் பாதியையாவது படைத்தவருக்குப் பங்கு தருவதில் காட்டியிருக்கலாமே என்று மனம் கேட்கிறது.

இப்போது அந்தத் தார்ப்பாய்க் கடையைக் காணோம். போலீஸார் முடிக்காத வேலையைக் கைப்பேசி முடித்துவிட்டது. வாசகர்கள் வீட்டில் பழைய தட்டு ஏதேனும் இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் விலாசமும், உரிமையாளர் பெயரும், முதலில் வெளியிட்ட வருஷமும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் அலமாரியில் உள்ள தட்டின் உறையில் நடிகர் ஒருவரின் சிரித்த முகம் மாத்திரம் இருக்கிறது. பாட்டை எழுதியவர் யார் என்று அதில் எங்கும் காணோம்.