சீமைச் செப்புக்காசு: சிறு செலவில் ஒரு சேகரம்

காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரை வட்டாரத்தில் பரணைச் சுத்தம் செய்கிற வீடுகளில் ஒரு பழைய டப்பா தவறாமல் கிடைக்கும். உள்ளே துருப்பிடித்த சாவி, பித்தான், கூடவே நம் நாட்டுக் காசாக இல்லாத நாலைந்து செப்புக்காசுகள். வீட்டார் அவற்றை நம் கடைக்கு எடுத்து வந்து, "இது செல்லுமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். செல்லாது என்றதும் அது பழைய பித்தளை எடுப்பவரின் தராசுக்குப் போகிறது, அங்கிருந்து உலைக்கு. அதற்கு முன் அதைப் பார்க்கும் கடைசிக் கண் பெரும்பாலும் நம் கண்தான். ஆகவே இந்தச் சேகரிப்பு மளிகைக்காரருக்கு மற்றவரைவிட எளிது என்கிறோம்.

அயல்நாட்டுக் காசு இங்கே எப்படி வந்தது? திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் சென்று திரும்பியவர்கள் அநேகர். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொடைக்கானல் மலையிலும் குடியேறின. மடியில் முடிந்து வந்த சில்லறைதான் டப்பாவில் மிஞ்சியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் இலங்கைச் சதத்தில் தொடங்கலாம். 1870 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா அரசியின் ஒரு சதம், அரைச் சதம், கால் சதக் காசுகள் செம்பில் வந்தவை. ஒரு பக்கம் அரசியின் தலை. மறுபக்கம் பனை இன மரம், அதன் இருபுறமும் சிங்கள எழுத்தும் நம் தமிழ் எழுத்தும். இலங்கையில் ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு 1872-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நமக்கு 100 நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆக, கொழும்பில் கடை வைத்திருந்த நம்மவர் நூறாக வகுத்துப் பேரேடு எழுதிய 85 ஆண்டுகளும் ஊரில் இருந்த பங்காளி 16 அணா, 192 தம்பிடி என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்! ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்துச் சதங்கள் இன்னும் எளிதாகக் கிடைக்கும். தேய்ந்த சாதாரணக் காசு ஒன்று பெரும்பாலும் ஒரு கிலோ துவரம் பருப்பின் விலைக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் கேட்டால் யோசித்து வாங்குக.

அடுத்தது மலாயா. 1919 முதல் அங்கே ஒரு சதக் காசு சதுர வடிவில், முனை மழுங்கி வந்தது. அது வெண்கலம், எனினும் செம்புதான் அதில் பெரும்பங்கு. நடுவில் துளையுள்ள காசு வந்தால் எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா நம்முடையது. கிழக்கு ஆப்பிரிக்காவின் துளைக்காசு வேறு.

கொஞ்சம் அனுபவம் வந்தபின் கடற்கரைக் கம்பெனிகளின் காசுகளுக்குப் போகலாம். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்களின் சிறு காசுகள், நாகப்பட்டினத்தை 1781 வரை வைத்திருந்த டச்சுக் கம்பெனியின் முத்திரையிட்ட 'டொய்ட்' காசுகள் இவ்வகை. ஆங்கிலக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகளிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை பர்மிங்காமில் சோகோ ஆலையின் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலேற்றியது. அதில் 1808-ஆம் ஆண்டுச் சரக்கு ஒன்றை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுமுன்பே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் மூழ்கிகள் அந்தச் சரக்கை மேலே கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சந்தைக்கென்று அடித்த சில்லறை, நம் ஊரைப் பார்க்காமலே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கையில் இருக்கிறது. சரக்கு வந்து சேராத நஷ்டம் நமக்கும் புதிதல்லவே.

ஆற்று மணலிலும் நிலத்திலும் கிடைக்கும் காசு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த, சுண்டுவிரல் நகமளவே உள்ள ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றி 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அப்படிப்பட்ட காசு மண்ணில் புதைந்து கிடைத்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதோ கூடவே கூடாது. சேர்ப்பது வேறு, வியாபாரம் வேறு. லைசென்சின் அருமை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மோசடிக்காரர்கள் நம்மைத் தேடி வருவதும் உண்டு. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்ட 'அரை அணா'வைக் கம்பெனி அடித்ததே இல்லை. பிற்காலத்தில் செய்த வில்லை அது. அரிசியை இழுக்கும் செம்பு என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூட்டை மூட்டையாக அரிசி கையாளும் நமக்குத் தெரியாதா, அரிசி எதற்கு நகரும் என்று? அரிசியில் இரும்புத் தூள் தடவிக் காந்தத்தை மறைத்துக் காட்டும் வித்தை அது. பழைய நாணயம் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வங்கி அப்படி எதுவும் வாங்குவதில்லை, யாரையும் நியமிக்கவும் இல்லை.

காந்தம் நமக்கும் உதவும். உண்மைச் செம்பும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது. 1992 முதல் வந்த இங்கிலாந்துப் பென்னி ஒட்டும். அது செம்பு பூசிய எஃகு.

பராமரிப்பில் ஒன்று முக்கியம்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம்மிடம் புளி மூட்டை கணக்கில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை; பித்தளைக் குடத்துக்கு நல்லது காசுக்குக் கேடு. நூறாண்டில் படிந்த பழுப்பு நிறம் போய்ப் பளபளப்பு வந்துவிட்டால், விவரம் தெரிந்தவர் பாதி விலைகூடத் தர மாட்டார். மண் இருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். உப்பு மூட்டை இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். உப்புக் காற்று பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். பிளாஸ்டிக் பைக்குப் பதில் காசுக்கு ஒரு சிறு காகித உறை. உறைமேல் நாடு, ஆண்டு, கொடுத்த விலை, எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டுப் பெரியவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று எழுதிவிடுங்கள். நாளேடு எழுதிப் பழகிய கைக்கு இது இரண்டு நிமிட வேலை.