மேற்கோள் காட்டும் நெறி

சிவஞானபோதத்தினுள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் உறுப்புக்கள் நிறுத்தப்பட்டமை சைவ நூலுணர்ச்சியுடையார் யாவரும் அறிவர். ஆண்டு மேற்கோள் என்றது நிறுவுதற்கு எடுத்துக்கொண்ட பொருளை. இக்காலத்துக் கட்டுரையாளர் மேற்கோள் என வழங்குவதோ, தம் கூற்றுக்கு அரணாகப் பிற நூலினின்றும் எடுத்துக் காட்டும் வாக்கியத்தை. பின்னதாகிய இம்மேற்கோளை, ஆராய்ச்சி வெளியீடுகளுக்குக் கட்டுரை வரைவார் எங்ஙனம் காட்டல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பண்டை உரையாசிரியர் ‘என்றார் பிறரும்’ என்றேனும், நூற்பெயர் கூறாது செய்யுளின் முதற்குறிப்பு மாத்திரம் தந்தேனும் மேற்கோள் காட்டிச் சென்றனர். அந்நெறியே இன்றும் அமையாதோ எனின், அமையாது. என்னை? அவர்பாற் பாடங்கேட்ட மாணாக்கர் நூல்களை நெட்டுருச் செய்தவர். முதற்சீர் செவிப்பட்ட அளவிலே செய்யுள் முழுதும் அவர் நெஞ்சில் தோன்றும். அந்நிலை மாறியபின் அக்குறிப்புக்கள் பல இடமறிய வாராதொழிந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களில் உரை மேற்கோள்களின் இடங்களை அரிதின் முயன்று தேடிக் குறித்தமையும், எத்துணை முயன்றும் இடம் புலப்படாதவற்றை விளங்கா மேற்கோள் எனத் தனியே தொகுத்தமையும் இதற்குச் சான்றாம்.

இடங்குறியாமையால் வருங் கேடு தேடுவார் உழைப்பு வீணாதல் மாத்திரமன்று. பொருளே திரிதலும் உண்டு. சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு மறைஞான தேசிகர், சிவாக்கிரயோகியார், ஞானப்பிரகாசர், சிவஞான முனிவர், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவர் உரைகள் வழங்குகின்றன. இவர் தம்முட் கருத்து வேறுபடும் இடங்கள் பல. ஞானப்பிரகாசர் உரையிற் கண்ட சிவசமவாதத்தை மறுத்தற்கென்றே சிவஞான முனிவர் சிவசமவாதவுரை மறுப்பு என்னுந் தனிநூல் யாத்தனர். முத்திநிலையில் உயிர் சிவத்தோடு எங்ஙனம் நிற்கும் என்னுந் தலையாய வினாவன்றோ அவ்வழக்கிற்கு நிலைக்களம்! ஆகவே ஒருவர் ‘சித்தியார் உரையிற் கூறப்பட்டது’ என வாளா எழுதிச் செல்வராயின், மறுக்கப்பட்ட கொள்கையையே சித்தாந்தத் துணிபென மாணாக்கன் மயங்குவன். மூலமாயிற் பரபக்கமோ சுபக்கமோ என்பதும் செய்யுளெண்ணும், உரையாயின் உரையாசிரியர் பெயரும் கூறாத மேற்கோள் மேற்கோளாகாது.

இனித் திருமுறைகளை நோக்குக. தேவாரப் பதிகங்களைப் பண்முறையால் அடைவு செய்த பதிப்புக்களும், தலமுறையால் அடைவு செய்த பதிப்புக்களும் உள. முன்னது பண்ணைப் பற்றி நிற்பது. பின்னது கோயில் முதலாகத் தலங்களைப் பற்றி நிற்பது. ஆகவே ஒன்றில் ஓரெண் பெற்ற பதிகம் மற்றொன்றில் வேறெண் பெறும். முறையைச் சுட்டாது எண்ணை மட்டும் தருதல் ஊர்ப்பெயர் கூறாது வீட்டெண் கூறுதலை ஒக்கும். தலப்பெயர் ஒன்றே கூறினும் அமையாது. சீகாழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அப்பெயர்களால் திருஞானசம்பந்தர் அருளிய பதிகங்களும் பல. ‘திருஞானசம்பந்தர், முதற்றிருமுறை, பதிகம் 1, திருப்பிரமபுரம், பாட்டு 3, பண்முறைப் பதிப்பு’ என்று குறிப்பின் ஐயமின்றித் தெளியலாம். பதிப்பைக் குறித்தற்குப் பிறிதுமோர் ஏது உண்டு. திருவிடைவாய்ப் பதிகம் கல்வெட்டினின்றும் பிற்காலத்துக் கிடைத்ததாகலின், பழைய பதிப்புக்களில் அதனைக் காண்டல் இயலாது.

திருவாசகத்திற்குப் பகுதிப்பெயரும் பாட்டெண்ணும் வேண்டும். சிவபுராணம் போன்ற நெடும்பாட்டாயின் அடியெண் வேண்டும். திருமந்திரம் மூவாயிரம் எனப் பெயர் பெற்றதேனும், அச்சுப் பதிப்புக்களிற் காணும் தொகையும் எண்முறையும் ஒன்றோடொன்று ஒவ்வா. ஆதலின் தந்திரம், அதிகாரத் தலைப்பு, முதற்குறிப்பு என்பவற்றோடு பதிப்பையும் கூறுக. பதினோராந் திருமுறை பன்னிருவர் அருளிய 40 நூல்களின் தொகுதியாகலின், அருளியவர் பெயரும் நூற்பெயரும் இன்றியமையாதன. திருத்தொண்டர் புராணத்திற்குப் புராணப்பெயரும் செய்யுளெண்ணும் தருக. ஆகமங்களாயின் பாதம், படலம், சுலோகம் என்னும் மூன்றும் முறையே வருதல் வேண்டும்.

பதிப்பைக் குறிக்குங்கால் பதிப்பாசிரியர், அச்சிட்ட ஊர், ஆண்டு, எத்தனையாம் பதிப்பு, பக்கம் என்பன அடைவே வருக. பழைய பதிப்புக்கள் பல தமிழாண்டின் பெயரையே முகப்பிற் பொறித்தன. அவ்வாண்டுகள் 60 யாண்டுக்கு ஒருமுறை மீள்வன; சுபகிருது என்பது 1902, 1962, 2022 ஆகிய மூன்று யாண்டுகளிலும் தொடங்கிற்று. ஆதலின் அப்பெயரோடு ஆங்கில ஆண்டையும் ஆராய்ந்து சேர்த்தல் வேண்டும். தமிழாண்டு சித்திரையிற் பிறத்தலின், தைத்திங்களில் வெளிவந்த நூலுக்கு ஓராண்டு கூட்டிக் கொள்ளுதலை மறவற்க.

எடுத்த வாக்கியத்தை உள்ளவாறே தருதல் அடுத்த கடன். சந்தி பிரித்து எழுதின் அதனைக் கூறுக. இடையே சொற்களை விடுப்பின் புள்ளியிட்டுக் காட்டுக. பாடபேதம் உளதாயின் தாம் கொண்ட பாடம் எப்பதிப்பினது என்று சொல்லுக. மூலத்தைத் தாம் காணாது பிறர் நூலிற் கண்ட ஆகம வாக்கியத்தை, நேரிற் கண்டார்போல எழுதுதல் வாய்மைக்கு இழுக்கு. ‘இன்னார் உரையில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதின் இழுக்கு யாதும் இல்லை. பிழையுளதேல் அது புகுந்த வழியும் பின்னோர்க்குப் புலனாம். இக்காலத்துக் கணிப்பொறியில் ஒரு சொல்லைக் கொண்டு பாட்டு முழுதையும் நொடியிற் பெறலாம். எனினும் அங்ஙனம் கிடைப்பனவற்றுட் பல எப்பதிப்பைத் தழுவின என்பது விளங்காது நிற்றலின், அச்சுநூலோடு ஒத்துநோக்கிய பின்னரே அவை மேற்கோளாதற்கு உரியன.

குறிப்புக்களை அடிக்குறிப்பாகத் தருதலும், கட்டுரையிறுதியில் தொகுத்துத் தருதலும் இரண்டும் வழக்கே. எவ்வெளியீட்டிற்கு எழுதப்படுகின்றதோ அதன் விதியைத் தழுவுக. ஆயினும் ஒரு கட்டுரையினுள் ஒருமுறையே நிகழ்தல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) நூற்பெயர்களைச் சுருக்கக் குறியாற் காட்டி, அக்குறிகளின் விரிவை அட்டவணையாகத் தந்தமை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அட்டவணையிலாச் சுருக்கம் எழுதினோர்க்கே விளங்கும். சின்னாளில் அவர்க்கும் விளங்காது.

இவையெல்லாம் வெற்றுச் சடங்கென எண்ணுவார் சிலர். அற்றன்று. அருளாளர் வாக்கு நமக்குப் பிரமாணம். பிரமாணத்தை எடுத்துக் காட்டுவோன் அதனைக் கேட்போர் கைக்கொண்டு சென்று நேரே காணுமாறு வழி விடுதல் வேண்டும். வழி விடாதான், ஆசிரியன் சொல்லின் இடத்தில் தன் சொல்லை நிறுத்தினவனாவான். இடஞ்சுட்டிய மேற்கோளோ கற்பாரை மூலத்தின் திருமுன் கொண்டுசென்று நிறுத்தித் தான் ஒதுங்கி நிற்கும். அதுவே அதன் பயன் என்க.