பேச்சுக்குக் கிட்டத்து உறவு யார்?

குழந்தை பேசப் பழகுவது எப்படி என்று விலங்குகளிடம் தேடப் போனால், குரங்கிடம் போவதுதான் முறை என்று தோன்றும். ரீசஸ் குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளே ஆகின்றன; பறவைகளின் வழியும் நம் வழியும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. ஆனால் கேட்டுக் கேட்டுக் குரலைப் பழகும் திறனில் நமக்கு நெருங்கியது ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிக் குருவியான ஜீப்ரா ஃபிஞ்ச். நம் ஊர்க் கடைகளில் கூண்டோடு விற்கும் அதே சிறு பறவை. ஆண் குஞ்சு, பொரித்து 25 நாள் ஆகும் வாக்கில் தந்தையின் பாட்டை மனத்தில் வாங்கத் தொடங்குகிறது. முதலில் வருவது உருப்பெறாத மழலை. தன் குரலைத் தானே கேட்டு, மனத்திலுள்ள பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்தித் திருத்தி, 90 நாள் வாக்கில் ஒரு பாட்டில் நிலைக்கிறது. பாட்டே கேட்காமல் வளர்ந்த குஞ்சு கோணலாகப் பாடும். வேற்றின வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தது அவர்களின் பாட்டைப் பாடும். ரீசஸ் குட்டிகளை ஜப்பானியக் குரங்குத் தாய்களிடம் மாற்றி வளர்த்தபோதோ, அவற்றின் குரல் பெரும்பாலும் பிறந்த இனத்தின் குரலாகவே இருந்தது.

குரங்கின் தொண்டை பேச்சுக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2016-இல் ஃபிட்ச், கசன்ஃபர் முதலான ஆய்வாளர்கள் ரீசஸின் உறவினமான நீள்வால் மக்காக் குரங்கின் வாயசைவை எக்ஸ்ரே படமெடுத்துக் கணக்கிட்டபோது, தெளிவாகப் பிரித்தறியக்கூடிய உயிரொலிகளை எழுப்ப அந்த அமைப்பே போதும் என்று தெரிந்தது. குறை மூளையில் இருக்கிறது. பெருமூளையிலிருந்து குரலுறுப்பின் நரம்பணுக்களுக்கு நேராக இறங்கும் பாதை மனிதரிடம் உண்டு, ஃபிஞ்சிடம் அதற்கு ஈடான பாதை உண்டு. குரங்கிடம் அது இல்லை, இருந்தாலும் மிக மெலிது.

இதைவிட வலுவான மறுப்பு பொருள் பற்றியது. ஆப்பிரிக்க வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என வெவ்வேறு எச்சரிக்கைக் குரல் எழுப்புகின்றன; ஃபிஞ்சின் பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மைதான். சொல் எதைச் சுட்டுகிறது என்பதே கேள்வியானால் குரங்கிடம்தான் போக வேண்டும். மார்மோசெட் என்ற சிறு குரங்கின் குட்டிகளின் குரல் பெற்றோர் மறுகுரல் கொடுக்கக் கொடுக்க விரைவாக முதிர்கிறது என்பதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே விரைவது இனத்துக்கே உரிய குரலின் முதிர்ச்சி. புதிய ஒலி பிறப்பதில்லை. ஒலியைப் பழகுவது பற்றிய கேள்விக்குக் குருவியே சாட்சி. ஃபாக்ஸ்பி2 என்ற மரபணு பழுதான மனிதருக்கு வாயசைவு ஒழுங்குபடாமல் பேச்சு குழறுகிறது. 2007-இல் இளம் ஃபிஞ்சின் மூளையில் பாட்டுப் பழகும் பகுதியில் அதே மரபணுவின் செயலைக் குறைத்தார்கள். அந்தக் குஞ்சுகள் தாம் கேட்ட பாட்டை அரைகுறையாகவே திருப்பிப் பாடின.