வீடு புதுப்பிக்கும் காலத்தில் உடைமைகளைக் காப்போம்

தரையை மாற்றவும் சமையலறையைச் சீரமைக்கவும் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள், சிமெண்ட், டைல்ஸ், பெயிண்ட், கூலி என அனைத்தையும் மதிப்பீட்டில் சேர்த்து எங்களிடம் அளிக்கின்றனர். வேலை முடியும்வரை வீட்டுப் பொருள்களை எங்கே வைப்பது என்பதும், அதற்கு ஆகும் செலவும் பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. முன்பின் அறியாத பலர் வந்து போகும் வீட்டில், பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பொருள்களுக்குத் தூசியும் ஈரமும் திருட்டும் ஒருசேர அச்சுறுத்தலாகின்றன. எனவே, பொருள்களுக்கான ஏற்பாட்டை வேலை தொடங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

முதலில் பட்டியல்

அறைவாரியாகப் பொருள்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுங்கள். மின்சாதனங்களின் வரிசை எண்ணும் வாங்கிய ரசீதும் படத்தில் இருக்கட்டும். அட்டைப்பெட்டிகளின் மேல் எண்ணை மட்டும் எழுதி, உள்ளிருப்பவற்றைத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இழப்பீடு கோர நேர்ந்தால், இப்பட்டியல் வலுவான சான்றாகும்.

பெட்டகத்துக்கு உரியவை

நகைகள், வீட்டுப் பத்திரம், கல்விச் சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை வேலை நடக்கும் வீட்டில் வைத்திருக்கலாகாது. லாக்கர் எனப்படும் வங்கிப் பாதுகாப்புப் பெட்டகமே இவற்றுக்கு உகந்த இடம். பெட்டகங்கள் எல்லாக் கிளைகளிலும் உடனே கிடைப்பதில்லை. முன்னதாகவே விசாரித்து வையுங்கள்.

தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குத் தொகைக்கு வங்கி பொறுப்பாகும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில், அத்தொகை 3 லட்சம் ரூபாய். வங்கியின் கவனக்குறைவின்றி வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களால் நேரும் இழப்பு இதில் அடங்காது. பெட்டகத்தில் உள்ள பொருள்களுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை; ஆகவே, நகைகளுக்குத் தனிக் காப்பீடு எடுப்பது நன்று. ரொக்கப் பணத்தைப் பெட்டகத்தில் வைக்க அனுமதியில்லை. அதைக் கணக்கில் செலுத்திவிடுங்கள்.

வீடு பூட்டியிருக்கும் நாள்களில் புதிய காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ தபாலில் வந்து திரும்பிவிடாதபடி முன்கூட்டியே கிளையில் தெரிவியுங்கள்.

வீட்டிலேயே வைப்பவை

கட்டில், அலமாரி, சோபா ஆகியவற்றை வேலை நடக்காத ஓர் அறையில் சேர்த்து, கதவின் இடைவெளிகளை டேப்பால் ஒட்டுங்கள். டைல்ஸ் அறுக்கும்போது எழும் நுண்தூசி எங்கும் புகுந்துவிடும். மரச்சாமான்களைச் சுவரை ஒட்டாமல், செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் தாளை நேரடியாக இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; முதலில் பருத்தித் துணி, அதன்மேல் தளர்வாகப் பிளாஸ்டிக் தாள் என்பதே முறை. வெள்ளிப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றாமல் மெல்லிய துணியில் பொதியுங்கள். குளிர்சாதனப் பெட்டியை நன்கு துடைத்து உலர்த்தி, நிமிர்ந்த நிலையில் கதவைச் சிறிது திறந்து வையுங்கள். கழற்றிய திருகாணிகளைச் சிறு பையிலிட்டு அந்தந்தச் சாமானோடு கட்டிவிடுங்கள்.

கிடங்குக்கு அனுப்புபவை

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழைக்காலம். அக்காலத்தில் வேலை நடக்குமானால், கிடங்கு மேட்டுப்பகுதியில் உள்ளதா, கூரை ஒழுகுகிறதா என்பதை நேரில் பாருங்கள். பொருள்களின் பட்டியலும் அவற்றின் நிலையும் குறிக்கப்பட்ட ரசீதைக் கையொப்பத்துடன் பெறுங்கள். வாடகையை வங்கி வழியே செலுத்தினால், அதற்குச் சான்று இருக்கும்.

வீட்டுக் காப்பீடு உள்ளவர்கள், பத்திரத்தில் குறித்த முகவரிக்கு வெளியே உள்ள பொருள்களுக்கும் அது பொருந்துமா, வேலை நடக்கும் காலத்துக்கு நிபந்தனை உண்டா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும்.

வேலை முடிந்து பொருள்கள் வீடு திரும்பும் நாளில், பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கிடங்கின் இறுதித் தொகையை அதன் பிறகு கொடுங்கள்.