டாக்டருக்காக எழுதும் கை

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், காப்பீட்டுப் படிவத்தோடு மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார். என்ன நோய், எந்தத் தேதியில் அனுமதி, என்றைக்கு டிஸ்சார்ஜ்... எல்லாம் கேஸ் ஷீட்டிலேயே இருக்கின்றன. ஆனாலும் அவற்றைத் தேடியெடுத்துத் திரும்ப எழுதுவது டாக்டரின் தலையில்தான் விழும். ஓ.பி. முடிந்து, வார்டு சுற்றி வந்து, இரவில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்க ஜப்பான் 2008-ல் வழி கண்டது. மருத்துவர்களுக்கென்றே எழுத்து உதவியாளர்களை வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகளுக்கு, அந்த ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணம் கிடைத்தது. எத்தனை படுக்கைக்கு ஓர் உதவியாளர் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். 15 படுக்கைக்கு ஒருவர் என்பது இப்போதைய உச்சப் படி. 100 படுக்கைக்கு ஒருவர் என்பது கடைசிப் படி. புதிதாகச் சேர்பவருக்கு 6 மாதப் பயிற்சிக் காலம். அதில் குறைந்தது 32 மணி நேரம் மருத்துவச் சொற்கள், மருந்துகள், நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டம் ஆகியவற்றைப் படிக்க வேண்டும்.

ஓ.பி. அறையில் டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுகிறார். பக்கத்தில் உதவியாளர் கணினியில் குறிப்பெடுக்கிறார்; டாக்டர் சொல்லும் மருந்தையும் பரிசோதனையையும் பதிகிறார். டாக்டர் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே அது செல்லும். சான்றிதழும் அப்படித்தான்: வரைவு உதவியாளருடையது, திருத்தமும் கையெழுத்தும் டாக்டருடையவை. இவர்களைப் பில் போடவோ, வரவேற்பு மேசையில் உட்காரவோ, நர்ஸுக்குத் துணையாகவோ அனுப்பக் கூடாது. இந்தக் கறார் மிக அவசியம். இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறை உள்ள இடத்துக்கெல்லாம் இவர்களை இழுத்துவிடுவார்கள். டாக்டரின் மேசையில் காகிதம் பழையபடி குவியும்.

2024 ஏப்ரலில் ஜப்பானிய டாக்டர்களின் கூடுதல் பணி நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று சட்டம் வரம்பு கட்டியது. நீண்ட நேரப் பணியைத் தவிர்க்க முடியாத சில மருத்துவமனைகளுக்கு 1,860 மணி. இந்த வரம்புக்குள் நிற்க, எழுத்து வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும். அதுவும் அனுபவமுள்ள ஆள். 2022-ல் வந்த விதி இதை உணர்ந்தது. உதவியாளர்களில் பாதிப் பேராவது அதே மருத்துவமனையில் 3 ஆண்டு அனுபவம் உள்ளவர்களாக இருந்தால் கட்டணம் அதிகம்.

அனுபவசாலிகள் நிலைத்திருக்க, நிரந்தர வேலையும் நியாயமான ஊதியமும் தர வேண்டும். படிவத்தின் அடியில் டாக்டரின் கையெழுத்துதான் இருக்கும். வரைவு எழுதியவரின் உழைப்பு, அவருடைய சம்பளத்திலாவது தெரியட்டும்.