திருச்சிக்கு ஒரு மணித்தியாலம், லயத்திலிருந்து எத்தனை?



1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தபந்தம் பலர் இந்தியா போய்விட்டார்கள். அங்கே நல்லது கெட்டது என்றால் அந்தக் காலத்தில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பல் 1980களில் நின்று போனது. இப்போது பலரும் கட்டுநாயக்கவில் இருந்து திருச்சிக்கு விமானத்தில்தான் போகிறார்கள்.

"ஒரு மணித்தியாலப் பயணம்தானே" என்று நினைத்து நள்ளிரவில் பஸ் ஏறிய ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். விமானம் தரையில்தான் நின்றது, ஆனால் கவுண்டர் மூடியாச்சு. அண்ணனின் கருமாதிக்குப் போய்ச் சேர முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கட்டுநாயக்கவில் இருந்து திருச்சிக்கு ஆகாய வழியில் சுமார் 415 கிலோமீற்றர், அதாவது 260 மைல். பறக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்தான். அங்கே 2025 மார்ச் 30ஆம் திகதி இண்டிகோ சேவை ஆரம்பித்தபோது, அதற்கும் ஒரு மணித்தியாலம்தான் குறித்தார்கள்.

தூரம் பாதிக்கும் குறைவு, நேரம் மட்டும் எப்படி ஒன்று? பலாலிக்கு வந்தது காற்றாடி வைத்த சின்ன விமானம். அது மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் போகும். பெரிய ஜெட் விமானம் 800 வரை போகும். அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் கிட்ட இருந்தாலும் தூர இருந்தாலும் உண்டு. பலாலி திருச்சிக்குக் கிட்ட என்றாலும், பதுளையிலிருந்து கட்டுநாயக்கவைவிடத் தூரம். அதையும் பாருங்கள்.

இனி கணக்கைப் பின்னாலிருந்து போடுவோம். காலை 9 மணிக்கு விமானம் என்று வையுங்கள். மூன்று மணித்தியாலம் முந்தி, 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பதுளையிலிருந்து பஸ் மாறிப் போக ஏழெட்டு மணித்தியாலம். ஆகவே இரவு 10 மணி. மழை, மண்சரிவுக்கு இரண்டு மணித்தியாலம் கையில் வைத்தால் இரவு 8 மணி. 2025 நவம்பர் புயலில் நம் ரோட்டுகள் பட்ட பாடு மறக்கவில்லைதானே? டிவிஷனிலிருந்து பதுளை டவுனுக்கு வர இன்னும் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். அப்படியென்றால் முதல் நாள் மாலை 6 மணிக்கே லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு மணித்தியாலம் பறக்க, அதற்கு முன் பதினைந்து மணித்தியாலம்!

இன்னும் இரண்டு விஷயம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரம்தான். மணிக்கூட்டைத் திருப்ப வேண்டாம். டிக்கெட்டில் 15ஆம் திகதி 00.30 என்றிருந்தால் 14ஆம் திகதி ராத்திரியே அங்கே இருக்க வேண்டும். 15ஆம் திகதி ராத்திரி போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

சொந்தக்காரர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருந்தால், திருச்சியிலிருந்து இன்னும் அரை நாள் ரோட்டுப் பயணம் உண்டு. அதையும் சேர்த்தே லீவு கேளுங்கள். டிக்கெட் எடுத்ததும் எங்களிடம் கொண்டு வாருங்கள். நேரத்தைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.