பிட்டக் கொழுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை

பிட்டக் கொழுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது ஒருவரின் வயிறு, இடுப்பு, தொடை ஆகிய பகுதிகளில் இருந்து உறிஞ்சி எடுக்கப்படும் கொழுப்பை, தூய்மைப்படுத்திய பின் அவருடைய பிட்டத்தில் செலுத்தும் அழகியல் அறுவைச் சிகிச்சை ஆகும்.

ஆபத்து

பிட்டத் தசைகளின் உள்ளும் அடியிலும் பெரிய சிரைகள் உள்ளன. கொழுப்பைச் செலுத்தும் குழாய் சிரையைக் கிழித்தால், கொழுப்பு குருதியில் கலந்து இதயம் வழியாக நுரையீரலை அடைந்து குருதியோட்டத்தைத் தடுக்கக்கூடும். கொழுப்புத் தக்கையடைப்பு எனப்படும் இந்நிலை உடனடி உயிரிழப்பை ஏற்படுத்தலாம். 2017 இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, இச்சிகிச்சையில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் இறப்பதாக மதிப்பிட்டது.

பாதுகாப்பு

கொழுப்பைத் தசைக்குள் அன்றி, தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட அடுக்கில் மட்டும் செலுத்துவதே முதன்மையான பாதுகாப்பு ஆகும். அமெரிக்காவின் புளோரிடா மாநில மருத்துவ வாரியம் தசைக்குள் செலுத்துவதை 2019 இல் தடை செய்தது. குழாயின் இருப்பிடத்தை மீயொலிக் கருவியால் கண்காணிப்பதை 2022 இல் கட்டாயமாக்கியது.

மீட்சி

மாற்றப்பட்ட கொழுப்பு புதிய குருதிக் குழாய்களைப் பெறும்வரை அதன்மீது அழுத்தம் படக்கூடாது. எனவே சில வாரங்களுக்குப் பிட்டத்தை அழுத்தி அமர்வதும் மல்லாந்து படுப்பதும் தவிர்க்கப்படுகின்றன. குருதி உறைவதைத் தடுக்க மெதுவாக நடத்தல் அறிவுறுத்தப்படுகிறது. கொழுப்பின் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடுவதால், இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை.